எதிரே வந்த லாரி லைட் அடித்தது

1

மூன்று மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் கயல் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. நாங்கள் இருக்கும் ஜெர்மனியில் பதினேழிலேயே கார் ஓட்டலாம், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் போதும். அந்தப் பெரியவர் நான்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கைபேசியில் வரும் கேள்விகளை அவள் தமிழில் சொல்வாள், நான் பதில் சொல்ல வேண்டும். பதினாறு வருடமாக இங்கே வண்டி ஓட்டுகிறவன், வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை ஆராய்ந்தே சம்பளம் வாங்குகிறவன் என்பதால் கொஞ்சம் தெனாவெட்டாகவே உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க திரும்பணும். எதிர்ல வர்ற வண்டி ரெண்டு தடவை லைட் அடிக்குது. என்ன செய்வீங்க?"

"போவேன். அவன் வழி விடறான்ல."

"அப்பா, நீங்க தப்பா இருக்கீங்க."

ஜெர்மனில் யோசித்துத் தமிழில் பேசுகிற பிள்ளை. 'நீங்க சொல்றது தப்பு' என்பதை இப்படித்தான் சொல்லும். வேறொரு நாளாக இருந்தால் சிரித்துத் திருத்தியிருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. "எல்லாரும் அப்படித்தான போறாங்க, தெனமும் பாக்குறேனே" என்றேன்.

"எல்லாரும் போறாங்க. ஆனா ரூல் அது இல்ல. லைட் அடிச்சா ஜாக்கிரதைன்னு மட்டும்தான் அர்த்தம். அவர் உங்கள போகச் சொல்றாரா, நிக்கச் சொல்றாரான்னு உங்களுக்குத் தெரியாது. தெரியலன்னா நிக்கணும்."

கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். என் பதிலுக்கு எதிரே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், பிறகு மூடினேன். திரும்பவும் திறந்தேன். "ஒரு எடத்துல உக்காருங்களேன்" என்று மனைவி சுதா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். இரண்டு வருடமாக அவள் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரியாகச் சொன்னால் அடுத்த வாரம்தான் இரண்டு வருடம் முடியவிருந்தது.

2

என் வேலையை ஊரில் யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு ரோடு போடுவோம். அதில் வண்டிகளை விடுவோம். ஒவ்வொரு வண்டியும் நொடிக்குப் பல முறை 'நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு வேகத்தில் போகிறேன், இந்தப் பக்கம் திரும்பப் போகிறேன்' என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். நடுவே கட்டடம் மறைத்தால் செய்தி போய்ச் சேராது. கூட்டம் அதிகமானால் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் பேசி எதற்கும் எதுவும் கேட்காது. எந்தச் செய்தி யாருக்குப் போனது, போகாவிட்டால் என்ன ஆகும் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். நிஜ வண்டிகளை மோதவிட்டுப் பார்க்க முடியாது அல்லவா, அதற்குத்தான் இந்தப் பொய் ரோடு.

என் அக்கா வள்ளியின் கணவர் செல்வராசு மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் நன்றாகக் கேட்டுவிட்டு, "ஹார்ன் இருக்கு, லைட் இருக்கு. இதுக்கு மேல வண்டிங்களுக்கு இன்னா மச்சான் பேச்சு?" என்றார். அவர் கடலூர் முதுநகரில் வீடு கட்டிக்கொண்டு சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தவர். நாள் முழுவதும் ஏணியில் ஏறி டேங்க் உச்சியில் அளவு பார்க்கிற வேலை. எதையும் சட்டென்று தரைக்கு இறக்கி வைத்துப் பேசுவார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கடலூர் சிதம்பரம் தனியார் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எதிரே வருகிறவன் லைட் அடித்தால் 'நான் வரேன், நீ நில்லு.' முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் அவன் திரும்பப் போகிறானா, நம்மை முந்தச் சொல்கிறானா என்பதை அவன் போகிற தோரணையை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சிதம்பரத்தில் படிப்பு முடிகிற வரை மொபெட்டில் சுற்றிய எனக்கும் அது தெரிந்திருந்தது. பதினாறு வருடத்தில் தமிழ் எனக்கு மறக்கவில்லை. மறந்தது வேறு பாஷை என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

3

இரண்டு வருடம் முன்பு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க என் பிறப்புச் சான்றிதழின் நகல் தேவைப்பட்டது. நான் பிறந்தது சிதம்பரம். மாமா எனக்காக லீவு போட்டுவிட்டுத் தன் நீலக் காரில் கூட வந்தார். வேலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. திரும்பும்போது, "குடுங்க மாமா, நான் ஓட்டுறேன்" என்று சாவியை வாங்கினேன்.

"இங்க ஓட்டுறது வேற மச்சான்."

"கார் கார்தான மாமா."

புதுச்சத்திரம் தாண்டி, நாலுவழிச் சாலை வேலை முடியாத ஓர் இடத்தில் போக்கும் வரத்தும் ஒரே பக்கத்தில் விட்டிருந்தார்கள். வலது பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். "போட்டுகிட்டே போயிடுவோம்" என்றார் மாமா. நான் வேகத்தைக் குறைத்து இண்டிகேட்டரைத் தட்டினேன். எதிரே மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. மத்தியான வெயிலில் அதன் விளக்கு இரண்டு தடவை பளிச் பளிச்சென்றது. நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. நல்ல மனுஷன், வழி விடுகிறான் என்று நினைத்து, நன்றி சொல்லக் கையைக்கூடத் தூக்கினேன். திருப்பினேன்.

லாரி இடது பக்கத்தில் இடித்தது. மாமா உட்கார்ந்திருந்த பக்கம்.

சத்தம் அடங்கியபோது எனக்கு முதலில் தெரிந்தது வைப்பர். ஈரமே இல்லாத கண்ணாடியில் வைப்பர் கரக் கரக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர் காரில் பல வண்டிகளுக்கு இண்டிகேட்டர் குச்சி ஸ்டியரிங்கின் வலது பக்கம் இருக்கும். ஜெர்மனியில் இடது பக்கம். நான் பழக்கத்தில் இடது குச்சியைத் தட்டியிருக்கிறேன். வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்று நான் லாரிக்காரருக்குச் சொல்லவேயில்லை.

அவர் ஓடிப்போகவில்லை. குதித்து வந்து, மாமாவின் கால் சிக்கிய கதவை வெறும் கையால் இழுத்தார். கூட்டம் கூடி அவர் சட்டையைப் பிடித்தபோதும் கதவை விடாமல் இழுத்துக்கொண்டே, "லைட் அடிச்சேனே சார், லைட் அடிச்சேனே" என்று என்னைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னார். "பாரு, லைட் அடிச்சிகிட்டே பறந்து வந்திருக்கான்" என்று ஒருவர் அவரை அறைந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுத வந்த போலீஸ்காரர் களைத்துப்போயிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாதி எழுதிவிட்டார். 'எதிரே அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வரி அங்கே இருந்தது. பேப்பரில் விபத்துச் செய்தி படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த வரிதான். பெரிய வண்டி சின்ன வண்டியை இடித்தால் அந்த வரி தானாக வந்துவிடும்போலிருக்கிறது. "சரியா இருக்கா சார், படிச்சிப் பாருங்க" என்றார். அவர் கேட்டார், அதை மறைக்கக்கூடாது. நான் படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

மாமாவுக்கு மூன்று ஆபரேஷன். கால் போகவில்லை, ஆனால் மடங்காது. ஏணி ஏற முடியாது என்பதால் கம்பெனியில் அவரைக் கேட்டில் உட்காரவைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்த மறுநாள் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வெயில்ல ஏன் மச்சான் வைப்பர் ஓடுச்சு?"

"இடிச்ச வேகத்துல ஆன் ஆயிருக்கும் மாமா."

அதோடு விட்டுவிட்டார். அவருக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் நான் கூப்பிடுவேன், அவர் லாரிக்காரரைத் திட்டுவார். "அவன் கையில கட்ட மொளைக்க" என்பதுவரை போவார். நான் "ம்" கொட்டுவேன். ஜெர்மனிக்குத் திரும்பிக் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பும்போது, வெளிநாட்டில் உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று டிக் போட்டேன். அது பொய்யே இல்லை. வழக்கு இருக்கிறது, என் மீது இல்லை. இந்த நாட்டு அதிகாரிகள் எவ்வளவோ கேட்பார்கள், அதைத் தாண்டி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இத்தனை நாளும் என்னை நான் தேற்றிக்கொண்டது ஒரே ஒரு சமாதானத்தில். பாஷை மாறிப்போச்சு, இங்கே அதற்கு அர்த்தம் வேறு, யாருக்கும் நேரக்கூடியது. கயல் அன்று காட்டிய சிவப்புக் குறி அதையும் பிடுங்கிக்கொண்டது. இங்கேயும் அதற்கு அந்த அர்த்தம் இல்லையாம்.

5

அந்த வாரமே மாமாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "மச்சான், கோர்ட்ல தேதி போட்டுட்டாங்க. நீதான் மொத சாட்சி. நீ வந்து சொன்னாதான் அந்த ஆள உள்ள தள்ள முடியும்னு வக்கீல் சொல்றாரு. லீவு சொல்லிட்டு வந்துடு."

தூதரகம் வழியாக எழுதிக் கொடுத்தால் போதாதா என்று மாமாவின் வக்கீலிடம் கேட்டேன். நேரில் வந்தாக வேண்டும் என்றார். சரி, போவதென்றால் மனசாட்சியோடு போகலாம், லாரி மேல் பாதித் தப்பாவது இருக்கும் என்று நானே ஒரு வேலையில் இறங்கினேன். ஆபீசில் மதிய இடைவேளைகளில், எங்கள் பொய் ரோட்டில் புதுச்சத்திரத்தைப் போட்டேன். பங்க், மண் குவியல், லாரி, நீலக் கார். லாரியின் வேகத்தைக் கூட்டினேன். மோதவில்லை. இன்னும் கூட்டினேன். மோதவில்லை. கார் பவ்யமாக நின்று, லாரியைப் போகவிட்டு, பிறகு திரும்பியது.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இந்த மென்பொருளில் வண்டிகள் தாமாக மோதிக்கொள்ளாது. மோத வேண்டுமென்றால், 'எதிரே வருகிறவருக்கு வழி விடாதே' என்று ஒரு வரியை ஏதாவது ஒரு வண்டிக்கு நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரியை லாரிக்கு எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. நேராகப் போகிற வண்டி அது, அது யாருக்கும் வழி விட வேண்டியதே இல்லை. இரண்டு நாள் அந்த வரியை வைத்துக்கொண்டு லாரியின் பிரேக்கை, பாரத்தை, தூரத்தை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் வெட்டி எடுத்து நீலக் காருக்குப் போட்டேன். லாரியின் வேகம் எனக்கு நினைவிருக்கிற வேகம்தான், சாதாரண வேகம். முதல் ஓட்டத்திலேயே இடித்தது. இடது பக்கத்தில்.

பக்கத்து மேசை மார்ட்டினா காப்பிக் கோப்பையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "இந்தக் காருக்கு மட்டும் ஏன் இந்த வரி? ஓட்டுகிற ஆளுக்கு என்ன?" என்றாள்.

"சோதனைக்கு" என்றேன். எழுந்து கார் நிறுத்துமிடத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். நாலாவது சுற்றில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

முதலில் கயலிடம்தான் சொன்னேன். ஏனென்று தெரியவில்லை, பரீட்சையில் அவள்தானே என்னைப் பிடித்தாள். இப்போதெல்லாம் நான் ஐந்து நிமிடம் பேசினாலே அவள் கண் கைபேசிக்குப் போய்விடும். அன்று போகவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த டிரைவர் பேர் என்ன?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக அவர் எனக்கு லாரிக்காரர். அலமாரியில் இருந்த முதல் தகவல் அறிக்கையின் நகலை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன். ஏழுமலை.

6

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டேன். மாமா நாற்காலியில், கால் முக்காலியில். அக்கா கீழே உட்கார்ந்து கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட் போட்டுட்டியா மச்சான்?"

"போட்டுட்டேன் மாமா. மாமா, அந்த டிரைவர் மேல தப்பு இல்ல."

"இன்னாது?"

"அவர் லைட் அடிச்சாரு. என்னைப் போகச் சொல்றாருன்னு நெனச்சிட்டேன். இங்க அப்படியே பழகிப்போச்சு. திருப்பிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. எனக்குப் புரியவில்லையோ என்பதுபோல நிதானமாக, "லைட் அடிச்சா நில்லுன்னு அர்த்தம் மச்சான்" என்றார்.

"தெரியும் மாமா. அந்த நேரத்துல தோணல."

கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப அந்த வைப்பரு?"

"இண்டிகேட்டர்னு நெனச்சு தப்பான குச்சியத் தட்டிட்டேன்."

அக்காவின் கை நின்றுவிட்டது. மாமா தன் காலைப் பார்த்தார். "ரெண்டு வருசமா அந்த ஆள நான் வுடாத சாபம் இல்ல. அவன் புள்ளைங்கள கூட சேத்துத் திட்டியிருக்கேன். எல்லாத்தையும் கேட்டுகிட்டு தானடா இருந்த நீ?"

அவர் என்னை 'டா' போட்டு அழைத்ததே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மச்சான்தான். போனைக் கவிழ்க்கப் போய் மல்லாத்தி வைத்துவிட்டார்போல, திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. கைத்தடி ஊன்றும் சத்தம் தூரம் போனது. அக்கா போனை எடுத்தாள்.

"ஏன்டா இப்ப சொன்ன?"

"கோர்ட்ல போய் பொய் சொல்ல முடியாதுக்கா."

"எங்ககிட்ட மட்டும் முடிஞ்சுதா?"

அவளே கட் செய்துவிட்டாள்.

7

சிதம்பரத்தில் லாட்ஜில் தங்கினேன். வீட்டுக்கு வா என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு மாமாவின் வக்கீல் காலையில் போனில் எச்சரித்தார். "முன்ன கொடுத்த புகாருக்கு மாறா சொன்னீங்கன்னா உங்க மேலயே கேஸ் திரும்பலாம் சார். வெளிநாட்டுல இருக்கறவரு, யோசிச்சுக்குங்க." யோசித்தேன். கோர்ட்டுக்கு நடந்து போகும் வழியில் எதிரே வந்த ஆட்டோ லைட் அடித்தது. நான் நின்றேன்.

கூண்டில் ஏறியபோது பின்வரிசையில் மாமா உட்கார்ந்திருந்தார். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார், மடங்காத காலோடு. என்னைப் பார்க்கவில்லை. ஏழுமலை எதிர்க் கூண்டில் நின்றார். நான் நினைத்திருந்ததைவிட வயது குறைந்தவர். விபத்துக்குப் பிறகு முதலாளி வண்டி கொடுக்கவில்லை என்றும், காடாம்புலியூர் பக்கம் முந்திரிக் கம்பெனியில் மூட்டை தூக்குகிறார் என்றும் வக்கீல் சொல்லியிருந்தார்.

அரசு வக்கீல் கேட்டார், நான் சொன்னேன். லாரி சாதாரண வேகத்தில் வந்தது, லைட் அடித்தது, நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், இண்டிகேட்டர் போடவில்லை. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "புரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஆமாங்கய்யா." என்னைப் பிறழ் சாட்சி என்று பதிவு செய்தார்கள். சொன்னதை மாற்றிச் சொல்கிற சாட்சிக்குச் சட்டத்தில் அதுதான் பெயராம். இரண்டு வருடம் கழித்து நான் பேசிய உண்மைக்குக் கிடைத்த பட்டம் அது. வாங்கிக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் ஏழுமலை எனக்காகக் காத்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் லைட் அடிச்சது உங்களுக்குத் தெரிஞ்சுது இல்ல சார்?"

"தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது."

"ஒருத்தரும் நம்பல சார். கடைசில எனக்கே டவுட்டு வந்துடுச்சு, அடிச்சமா, அடிச்சதா நெனச்சுகிட்டமான்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் கைத்தடியோடு வந்து நின்ற மாமாவிடம் திரும்பினார். "கேட்டீங்களா சார்? அன்னிக்கே சொன்னேன்ல?"

"கேட்டேன்ப்பா" என்றார் மாமா.

கோர்ட் வாசலில் ஏழெட்டுப் படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மாமா முதல் படியின் விளிம்பில் நின்று கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டி ஏழுமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கீழே இறங்கினார்.